தோட்ட மண்ணும் வரலாற்றாசிரியர் பணியும்: கியா பார்ம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு இரு முனைகளில் ஆராயப்பட்டு வந்துள்ளது. ஒன்று, பழங்கடாரத்தின் தொல்லியல். மற்றொன்று, காலனித்துவக் காலத் தொழிலாளர் குடிபெயர்வு. இவ்விரு துறைகளின் வளர்ச்சியிலும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்கள் கையாண்ட முறைகள் பகாங் மாநிலக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏற்றவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பல்கலைக்கழக ஆய்வு மரபு

மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த அலஸ்டர் லாம்ப், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பகாட் கோயில் இடிபாட்டை அகழ்ந்து மீட்டமைத்தார். அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவரான சின்னப்பா அரசரத்தினம், டச்சு ஆவணங்களைக் கொண்டு இலங்கை வரலாற்றை எழுதியவர். 1970இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றிய நூலை வெளியிட்டார். கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட நூல் குடிபெயர்வைப் புள்ளிவிவரங்களால் விளக்கியது. இரவீந்திர ஜெயின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தங்கிக் களப்பணியாற்றி, 1970இல் தம் ஆய்வை நூலாக்கினார். மண், ஆவணம், மக்கள் ஆகிய மூன்றுமே வரலாற்றுச் சான்றுகள் என்பதை இவர்தம் பணிகள் நிறுவின.

கியா பார்ம் வட்டாரம்

பிரிஞ்சாங்கிற்கு வடக்கே அமைந்த கியா பார்ம், இன்று காய்கறிச் சந்தைக்காக அறியப்படுகிறது. அதனை அடுத்துச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் உள்ளது. அத்தோட்டத்தை உடைய போ நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டது. இவ்வாண்டு கருதத்தக்கது. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930இல் தென்னிந்தியத் தொழிலாளர் வரவு நிறுத்தப்பட்டது. பலர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர் ஓரளவு தொடர்ந்த வரவை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. எனவே, மலைத்தோட்டங்களில் குடியேறியோருள் தமிழகத்திலிருந்து நேரே வந்தோர் எத்துணையர், தாழ்நிலத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்தோர் எத்துணையர் என்னும் வினா எழுகிறது.

இதற்குரிய சான்றுகள் தோட்டங்களிலேயே தேடத்தக்கவை. செக்ரோல் பதிவேடு தொழிலாளர் பெயரையும் வேலை நாளையும் தரும். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு பிள்ளையின் பிறப்பிடத்தைக் காட்டும். பேராக்கில் பிறந்த பிள்ளை மலைப்பள்ளியில் சேர்ந்திருப்பின் குடும்பம் பெயர்ந்தமை புலனாகும். கோயிலின் தெய்வப் பெயரும் நன்கொடைக் கல்லும் பூர்வீக ஊரை நோக்கி வழிகாட்டும். லயங்களின் அமைப்பு வாழ்நிலையை உணர்த்தும்.

இழப்பும் கடமையும்

2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் கோயில் இடிபாடு நில மேம்பாட்டுப் பணியின்போது தகர்க்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுத் தொன்மையே அதற்குக் காப்பாக அமையவில்லை எனின், நூறாண்டும் நிரம்பாத லயத்திற்குக் காப்பேது? பழைய குடியிருப்பு இடிக்கப்படுமுன் அதனை அளந்து, படமெடுத்து, முதியோர் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும். பல்கலைக்கழகப் பதவி உயர்வில் பன்னாட்டு இதழ்க் கட்டுரைகளுக்கு முதன்மை தரப்படும் இக்காலத்தில், இத்தகைய களப்பதிவும் ஆவணத் தொகுப்பும் ஆய்வுப் பணியாகவே மதிக்கப்படல் வேண்டும்.

முடிவுரை

தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளிப் பழம்பதிவேடுகளைப் பேணுதலும், இளங்கலை மாணவர்தம் ஆய்வேடுகளுக்குத் தோட்டத்திற்கொரு தலைப்பு வழங்கப்பெறுதலும் உடனடியாக இயல்வன. லாம்ப் மண்ணைத் தோண்டிப் பெற்ற சான்றுகளுக்கு நிகரானவை, மலைத்தோட்டங்களில் இன்னும் தோண்டாமலே கிடைக்கக்கூடியவை.