மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்? லேபிளில் உள்ள காத்திருப்பு நாளின் கணக்கு

பூச்சிமருந்து லேபிளில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் குறிப்பிடப்பட்டிருக்கும். இது ஆய்வு முடிவுகளை வைத்துக் கணக்கிட்ட எண்.

1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, மத்திய பதிவுக் குழுவில் பதிவு பெற்ற மருந்துகளை மட்டுமே விற்கலாம். பதிவுக்கு இரண்டு ஆய்வுகள் முக்கியம்.

நச்சுத்தன்மை ஆய்வு: எலி போன்ற விலங்குகளுக்குப் பல அளவுகளில் மருந்து கொடுத்து, எந்த அளவு வரை பாதிப்பில்லை என்று பார்க்கிறார்கள். அதை வழக்கமாக 100-ஆல் வகுத்து, மனிதர் தினமும் உட்கொள்ளத்தக்க அளவை முடிவு செய்கிறார்கள்.

எச்ச ஆய்வு: சிபாரிசு அளவில் வயலில் தெளித்து, சில நாள் இடைவெளியில் காய்களைப் பறித்து, மிஞ்சிய நஞ்சை அளக்கிறார்கள். எச்சம் அனுமதித்த அளவுக்குள் வர ஆகும் நாட்களை வைத்தே காத்திருப்பு காலம் குறிக்கப்படுகிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

* அந்த எண் லேபிளில் உள்ள பயிருக்கும் அளவுக்கும் மட்டுமே பொருந்தும். கத்தரிக்குச் சொன்ன நாளை வெண்டைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.
* மருந்தைக் கூடுதலாக ஊற்றினால் அந்தக் கணக்கு செல்லாது.
* பச்சை முக்கோணம் உடனடி விஷத்தன்மை குறைவு என்பதையே காட்டும். மறுநாளே பறிக்கலாம் என்று பொருளல்ல.
* அடிக்கடி பறிக்கும் காய்கறிகளுக்குக் காத்திருப்பு நாள் குறைந்த மருந்தைத் தேர்ந்தெடுத்து, பறித்த பிறகு தெளியுங்கள்.

நாம் பறிக்கும் காய்தான் நம் வீட்டுக் குழந்தைகளின் தட்டுக்கும் வருகிறது. அடுத்த பறிப்பு நாளைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே மருந்து வாங்குங்கள்.