தொப்பூர் இறக்கத்தில் ஒரு பாட்டில் பிரேக் ஆயில்

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களிடம் தொப்பூர் என்று சொன்னால் ஊர் நினைவுக்கு வராது, இறக்கம்தான் வரும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே மலைகளுக்கு நடுவில் வளைந்து கீழே இறங்குகிறது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அதை இன்னும் 'ஏழாம் நம்பர் ரோடு' என்றுதான் சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மதிய வேளையில் அந்த இறக்கத்தில் என் காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அழுத்தினால் வழக்கமாகக் காலைத் திருப்பித் தள்ளும் அந்தக் கெட்டித்தனம் இல்லை. பயத்தில் கியரைக் குறைத்தேன். மூன்றாவது, இரண்டாவது. எஞ்சின் அலறியது, வண்டி தயங்கியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரத்தில் மண்ணில் ஏற்றி நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது. வண்டிக்குள் அம்மா இருந்தார்.

கொஞ்சம் தள்ளி லாரியை நிறுத்திவிட்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் வந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோப்பம் பிடித்தார்.

"என்ன தம்பி, டாப் கியர்லயே இறக்கிட்டு வந்தீங்களா?"

"ஆமாண்ணே."

"பிரேக் வேலை யாரு பாத்தது?"

நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். வீடியோ பார்த்து, நாலு சக்கரத்திலும் பழைய பிரேக் ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றியிருந்தேன். அந்தப் 'புது' ஆயில் பரணில் ஒரு வருடத்துக்கு மேல் திறந்து கிடந்த பாட்டில். முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷம் எனக்கு.

"அரை மணி நேரம் ஆறட்டும். பெடல் தானா வந்துரும். அப்புறம் ரெண்டாங் கியர்லயே போங்க" என்றார். வந்தது. போனோம்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்தால் அந்தச் சூடு வரும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதுதான் பஞ்சு. நான் செய்த வேலையில் ஒரு நட்டுகூட லூசு இல்லை. தெருவில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. தப்பை வெளியே கொண்டுவர ஒரு மலை தேவைப்பட்டது.

நம் வண்டியில் நாமே கை வைக்கலாமா, மெக்கானிக்கிடம் விடவேண்டுமா என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது.

ஆரம்பத்தில் அந்தக் கேள்வியே எழ வழியில்லை, ஏனென்றால் மெக்கானிக் என்று ஒருவர் இல்லை. 1903இல் சென்னை சிம்ப்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்கிறார்கள். சிம்ப்சன் அதுவரை குதிரை வண்டி கட்டிய கம்பெனி. கார் வந்தபோது அதைத் தொட்டவர்கள் எல்லாரும் வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள்தான்: தச்சர், கொல்லர், பூட்டு ரிப்பேர் பார்ப்பவர். பணக்கார வீட்டுக் காருக்கு டிரைவர் என்று வைத்தால் அவரே மெக்கானிக்கும்தான்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மனப்பாடமான கதை ஜி.டி. நாயுடுவுடையது. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஊரை விட்டு வந்து ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதே வண்டியை வாங்கினார். வாங்கி முதலில் செய்த காரியம் அதைப் பாகம் பாகமாகக் கழற்றியது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை விட்டவர், பின்னால் யு.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனத்தைக் கட்டினார். 'நானே கழற்றி நானே மாட்டுவேன்' என்று கிளம்பும் ஒவ்வொரு தமிழ்ப் பையனுக்கும் அவர்தான் குலதெய்வம். எனக்கும்தான். ஆனால் அந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. அவர் மோட்டார் சைக்கிளைக் கழற்றிய காலத்தில் சாலை காலியாக இருந்தது. தப்பாக மாட்டியிருந்தால் விழப்போவது அவர் ஒருவர்தான்.

அடுத்த கட்டம் இரண்டாம் உலகப் போர். பெட்ரோல் தட்டுப்பாடு. அப்போது பஸ்களின் பின்னால் பெரிய இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கரிவாயுச் சாதனத்தை வடிவமைத்துத் தயாரித்தது. 'கரி பஸ்' என்று தாத்தா தலைமுறை சொல்லும் வண்டி இதுதான். கிளப்புவதற்கு முன்னால் கிளீனர் பின்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி ஊதவேண்டும். மேடு வந்தால் எஞ்சின் திணறும். தமிழ்நாட்டுச் சாலைகள் பார்த்த மிகப்பெரிய 'மாடிஃபிகேஷன்' அதுவாகத்தான் இருக்கும். அதை யாரும் ஆசைக்குச் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள்.

மூன்றாவது கட்டம் தொப்பூர் வழியாகவே வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஓசூரில் தொழிற்சாலை திறந்தது. லாரியை அப்போதெல்லாம் முழு லாரியாக வாங்குவது குறைவு. எஞ்சின், சட்டம், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான் கம்பெனி தரும். அதற்குச் சேசிஸ் என்று பேர். கேபினும் பாடியும் நாமக்கல் போய்க் கட்டிக்கொள்ளவேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், சேலம், நாமக்கல் என்று போகும் பாதை. கதவில்லை, கண்ணாடி இல்லை. டிரைவர் தலையில் ஹெல்மெட்டோ துண்டோ கட்டிக்கொண்டு, எலும்புக்கூடு மாதிரி இருக்கும் அந்தச் சேசிஸை இதே இறக்கத்தில் இறக்கிக்கொண்டு போவார். சின்ன வயதில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்து, அவர் சாலை மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து பறக்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

நாமக்கல்லில் அந்த எலும்புக்கூட்டுக்குத் தச்சரும் வெல்டரும் பெயின்டரும் சேர்ந்து உடம்பு கொடுத்தார்கள். திருச்செங்கோட்டில் அதே மாதிரிச் சேசிஸின் முதுகில் போர்வெல் எந்திரத்தை ஏற்றி ரிக் வண்டி ஆக்கினார்கள். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போட்ட வண்டிகள் அவை. இந்த ஊர்களின் அறிவு பாடப்புத்தகத்திலிருந்து வரவில்லை. முதலில் பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், பிறகு கிரீஸ் அடிப்பான், பல வருடம் கழித்துத்தான் பிரேக்கைத் தொட விடுவார்கள். பட்டறையில் அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருந்தது.

அதே காலத்தில் ஊர்ப் பட்டறைகளில் அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றுவது சர்வசாதாரணமாக நடந்தது. டீசல் விலை குறைவு, டாக்ஸிக்காரர் பிழைக்கவேண்டும். டீசல் எஞ்சின் கனமானது. முன் ஸ்பிரிங்கும் பிரேக்கும் அந்தக் கனத்துக்குச் செய்யப்பட்டவைதானா என்று கேட்டவர்கள் குறைவு. இன்னொரு பக்கம் ஆம்னி வேனில் சமையல் கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டினார்கள். இந்த இரண்டிலும் பல வேலைகளைச் செய்தவர் வீட்டுக்காரர் இல்லை, மெக்கானிக்தான். ஆகவே 'மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டால் பத்திரம்' என்பதும் முழு உண்மை இல்லை.

சட்டம் இதற்குள் மெதுவாகத்தான் வந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முதலில், மாற்றம் செய்ய விரும்புகிறவர் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஒப்புதல் வாங்கவேண்டும் என்ற அளவில் இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இறுக்கியது: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள் மாற்ற கிட் போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வண்டியின் அடிப்படை அமைப்பைத் தொடக் கூடாது, நிறம் மாற்றுவது போன்றவை வேறு என்றது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைப்பதற்குத் தனி வழியும் வைத்தது.

சட்டம் ஆர்.சி.யில் எழுதியதைப் பார்க்கும். நான் ஊற்றிய பிரேக் ஆயில் எந்த ஆர்.சி.யிலும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 40 டன் லாரி 100 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால் வெளியேறவேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 39 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலை முழுசாக எரித்தால் வரும் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். கியரில் போனால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிரம்முக்குள் போகும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் பிடிப்பை இழக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது பழைய பழக்கம். இன்றைய எஞ்சின்கள் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் அணையாமல் ஓடுவதற்காகக் குடிக்கும். மிச்சம் என்று நினைத்தது மிச்சமே இல்லை, என் முந்நூறு ரூபாய் மாதிரி.

2020 டிசம்பர் 12 அன்று தொப்பூரில் வாகனங்கள் நெரிசலில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து மேலிருந்து வந்து மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நசுங்கின. நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் முன்னால் நின்றவர்கள். அந்த லாரியைப் பற்றி எந்த முடிவையும் எடுத்தவர்கள் அல்ல. 2024 ஜனவரியிலும் அதே இறக்கத்தில் நான்கு பேர் போனார்கள்.

இதைப் படித்தபோது என் கார் நினைவுக்கு வந்தது. அன்று பெடல் உள்ளே போனபோது எனக்கு முன்னால் ஒரு டி.வி.எஸ். 50 போய்க்கொண்டிருந்தது. பின்னால் தேங்காய் மூட்டை. ஓட்டியவருக்கு என் பரணில் இருந்த பாட்டிலைப் பற்றி எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு என் வண்டியில் நான் செய்கிற வேலைகளைப் பிரித்துக்கொண்டேன். திறமை வைத்துப் பிரிக்கவில்லை, செலவு வைத்தும் இல்லை. தப்பாகிப்போனால் வண்டி நின்றுவிடுமா, நிற்காமல் போய்விடுமா என்று பார்த்தேன். எஞ்சின் ஆயில், ஃபில்டர், பேட்டரி, வைப்பர், பல்பு இதெல்லாம் என் கை. சொதப்பினால் நான் வழியில் நிற்பேன், அவ்வளவுதான். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர் அளவு, கேஸ் லைன் இதெல்லாம் பட்டறை. அகல டயர் போடும் ஆசையும் அதோடு போனது. பட்டறையில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போவதும் இல்லை. பக்கத்திலேயே நின்று, சீல் உடைக்காத பாட்டிலா என்று பார்க்கிறேன். மெக்கானிக் அண்ணன் முதலில் முறைத்தார். இப்போது அவரே பாட்டிலை என்னிடம் நீட்டி, "நீயே ஒடச்சுக் குடு" என்கிறார்.

தருமபுரி தாண்டி இறக்கம் தொடங்கும் முன்னால் ஒருதரம் பெடலை மிதித்துப் பார்க்கிறேன். காலைத் திருப்பித் தள்ளுகிறதா என்று. அம்மா பக்கத்தில் இருந்தால், "ரெண்டாங் கியர் போட்டியா?" என்று கேட்கிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.