கோ. நடேசய்யர்: பேனாவைத் தொழிற்சங்கமாக்கியவர்

மலையகத்தின் அரசியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1939ஆம் ஆண்டில் தொடங்குகிறார்கள். நேருவின் வருகையும் இலங்கை இந்தியக் காங்கிரஸின் தோற்றமும் அந்த ஆண்டில் நிகழ்ந்தன. மலையக இலக்கிய வரலாற்றை எழுதுகிறவர்களோ ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தொடங்குகிறார்கள். இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார். அரசியலையும் எழுத்தையும் ஒரே வேலையாகச் செய்தவர் அவர். பெயர் கோதண்டராம நடேசய்யர். அட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினராகப் பதினொரு ஆண்டுகள் இருந்தவர். அட்டனுக்குப் பக்கத்தில், கொட்டகலையில் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் எனக்கு, பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் அவரைத் தேடுவது என்று இன்றும் தெரியவில்லை.

நடேசய்யர் 1887இல் தஞ்சாவூரில் பிறந்தவர். ஒரு பள்ளியில் வணிகப் பாடம் கற்பித்த ஆசிரியர். கணக்குப் பதிவு, வங்கி நிர்வாகம், காப்புறுதி போன்ற விடயங்களைத் தமிழில் எழுதினார். வணிகர்களுக்காகப் பத்திரிகையும் நடத்தினார். ஆங்கிலத்தில் மட்டும் கிடைத்த அறிவைத் தமிழில் தந்தால் சாதாரண மனிதனுக்கும் பலம் கிடைக்கும் என்ற எண்ணம் அவரிடம் அப்போதே இருந்தது. பின்னாளில் தோட்டத் தொழிலாளருக்காக அவர் செய்த வேலையின் விதை இதுதான்.

வணிகர் சங்கத் தொடர்பில் இலங்கை வந்தவர் தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். அன்று தோட்டம் என்பது வெளியார் நுழைய முடியாத கோட்டை. துரையின் அனுமதியின்றி உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. லயத்துக்குப் போகக்கூடிய வெளியாள் ஒருவர் உண்டென்றால் அவர் புடவை வியாபாரி. துணிமூட்டை தூக்கித் தோட்டம் தோட்டமாக நடந்தவர்களில் முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள் என்பது இந்தப் பகுதியின் பழைய மனிதர்களுக்குத் தெரியும். நடேசய்யரும் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போனார் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்த சாரல்நாடன் எழுதியிருக்கிறார். கங்காணியின் கடன், துண்டு முறை, பெண்களின் அவலம் எல்லாவற்றையும் நேரில் கண்டார். துண்டு என்பது தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டு. அதை வைத்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மனிதரையே கைமாற்றினார்கள். 1921இல் அது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

1920ஆம் ஆண்டளவில் கொழும்பில் நிலைகொண்ட நடேசய்யர் முதலில் கையிலெடுத்தது பத்திரிகையை. 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்'. ஏ. ஈ. குணசிங்காவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில் அவருக்குத் துணையாக நின்றார். கொழும்பில் சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற அந்தச் சில ஆண்டுகள் இலங்கை வரலாற்றின் அருமையான ஆண்டுகள். குணசிங்காவின் குரல் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது, 1928இல், இருவரும் பிரிந்தார்கள். அந்தப் பிரிவின் விலையை நாடு பின்னர் நெடுங்காலம் கட்டியது.

இதற்குப் பின்னர்தான் நடேசய்யர் மலைக்கு ஏறினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கினார். உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டித் தோட்டக்காரர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகக் குறைந்த ஒரு சமூகத்தில், கூட்டம் நடத்தவும் இடமில்லாத நிலையில் எப்படிச் சங்கம் கட்டுவது?

விடை பாட்டாக வந்தது. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பொது இடங்களில் நின்று பாடுவார். தொழிலாளிக்குத் தெரிந்த மெட்டில், தொழிலாளியின் துயரமே பொருளாக இருக்கும். பாட்டுக்குக் கூட்டம் சேர்ந்ததும் நடேசய்யர் பேசுவார். பாடல்கள் சிறு பிரசுரங்களாக அச்சாகின. வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்துக்கு ஒன்று கொண்டுபோனால் போதும், மற்றவர்கள் கேட்டே மனனம் செய்துவிடுவார்கள். துரை மனிதரைத் தடுக்கலாம், பாட்டைத் தடுக்க முடியாது. மீனாட்சியம்மாளின் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' 1940இல் வெளிவந்தது. மலையகப் பெண் எழுத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் உச்சரிக்க வேண்டிய பெயர் அவருடையது.

நடேசய்யர் நாவல் எழுதினார், துப்பறியும் கதை எழுதினார். 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்ற நாடகம் எழுதினார். ஆங்கிலத்தில் தோட்டக்காரர் ஆட்சியைச் சாடிப் பிரசுரங்கள் எழுதினார். இவற்றின் இலக்கியத் தரத்தை விமர்சகர்கள் அளக்கட்டும். என் பார்வையில் அவருடைய மிக முக்கியமான நூல்கள் அவர் தொழிலாளருக்காக எழுதிய சட்டப் புத்தகங்கள்தான். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது, தொழிலாளியோ தமிழில் இருந்தான். துரை சொன்னதே சட்டம், கணக்கப்பிள்ளை எழுதியதே சம்பளம். தனக்கு உரிமை இருக்கிறது என்பதே தெரியாதவனிடம் போராடு என்று சொல்வதில் பயனில்லை. தஞ்சாவூரில் கணக்குப் பதிவைத் தமிழாக்கிய அதே ஆசிரியர், மலையில் சட்டத்தைத் தமிழாக்கினார். கவிதைக்கும் கதைக்கும் தரும் மரியாதையை இத்தகைய எழுத்துக்கும் நாம் தர வேண்டும்.

அரசியலும் எழுத்தும் ஒன்றான மனிதர்களை வேறு நாடுகளிலும் காண்கிறோம். அயர்லாந்தின் மைக்கேல் டேவிட்டை எடுத்துக்கொள்வோம். 1846இல் பிறந்தவர். வாடகை கட்ட முடியாமல் குடும்பமே வெளியேற்றப்பட்டது. பதினோராவது வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் வலது கையை இழந்தார். 1879இல் நிலச் சங்கத்தைத் தொடங்கினார், சிறை கண்டார், பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரானார், அயர்லாந்தில் நிலப்பிரபுத்துவத்தின் வீழ்ச்சியைப் பெரிய நூலாக எழுதினார். 1906இல் அவர் இறப்பதற்குள் அயர்லாந்துக் குத்தகைக்காரர்கள் தாங்கள் உழுத நிலத்தைத் தாங்களே வாங்கச் சட்டம் வந்துவிட்டது. இங்கேதான் ஒப்புமை முறிகிறது. நடேசய்யரின் மக்களோ லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கும் 7 பேர்ச் காணிக்கும் இன்னமும் கை நீட்டி நிற்கிறார்கள்.

1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். சபையிலும் அவர் ஓயவில்லை. ஆனால் வெளியே காலம் மாறிக்கொண்டிருந்தது. அவருடைய சம்மேளனம் அவரைச் சுற்றியே இயங்கிய அமைப்பு. இரண்டாம் வரிசைத் தலைவர்கள் வளரவில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டங்களில் கிளை பரப்பியபோது அவருடைய செல்வாக்கு தேய்ந்தது. இது அவர் மீது சொல்லக்கூடிய நியாயமான குறை. இன்றைய சங்கங்களுக்கும் பொருந்தக்கூடிய குறை என்பதால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1947 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. கொட்டகலைத் தொகுதியும் அவற்றில் ஒன்று. நடேசய்யர் அந்தத் தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு தொடங்கப்பட்ட 'சுதந்திரன்' பத்திரிகையின் முதல் ஆசிரியராக இருந்த நிலையில் 1947 நவம்பர் 7ஆம் திகதி காலமானார். ஓராண்டு கழித்து, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய நூல்களில் பல இன்று கைக்கு எளிதில் எட்டுவதில்லை. சாரல்நாடன் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை எழுதியிராவிட்டால் இந்த அளவுகூட நமக்குக் கிடைத்திராது. தோட்டத்து வீடுகளின் தகரப் பெட்டிகளில் இன்னும் சில பாட்டுப் பிரசுரங்கள் கிடக்கக்கூடும். லயம் இடிகிறபோது பெட்டியும் போய்விடும். பழைய காகிதம் என்று எரிப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். மலையகம் எங்குமுள்ள ஆசிரியர்களும் இதைச் சொன்னால், ஒரு சமூகத்தின் முதல் நூலகத்தை நாம் மீட்டுவிடலாம்.