கிராமத்து வீடு, காலை டிபன், ஓவிய ஸ்டூடியோ... ரீல்ஸ் கனவு நிஜத்தில் கட்டுப்படியாகுமா?

வானகரம் சிக்னல். முன்னால் லாரி, பின்னால் பஸ், பக்கத்தில் மீன் மார்க்கெட்டிலிருந்து வரும் மினி வேன். ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டுது. ஒருவழியா வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், யாரோ ஒரு ஜோடி பிரான்ஸ் கிராமத்தில் பழைய கல்வீடு வாங்கி, மாடி ரூம்களை வாடகைக்கு விட்டு, மாட்டுத்தொழுவத்தை ஓவிய ஸ்டூடியோவா மாத்திட்டு சிரிக்கிறாங்க. 'பேசாம வேலையை விட்டுட்டு நாமளும் இதைப் பண்ணிடலாமா?'னு உங்களுக்கும் தோணியிருக்கும்.

தோணட்டும், தப்பே இல்லை. ஆனா ரெசிக்னேஷன் மெயில் டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

பி அண்ட் பி... அப்படின்னா?

'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்பதன் சுருக்கம்தான் பி அண்ட் பி. படுக்க இடம், காலையில் டிபன். லாட்ஜுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம், வீட்டுக்காரரும் அங்கேயே குடியிருப்பார். நம்ம ஊரில் ஹோம்ஸ்டே என்கிறோம்.

இந்தத் தொழிலின் போக்கையே மாற்றிய ஏர்பிஎன்பி-யும் கலையோடு சம்பந்தப்பட்டதுதான். 2007-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறிய பிரையன் செஸ்கி, ஜோ கெபியா இருவருமே டிசைன் படித்தவர்கள். ஊரில் ஒரு டிசைன் மாநாடு, ஹோட்டல்கள் ஃபுல். வீட்டு ஹாலில் 3 காற்று மெத்தைகளைப் போட்டு, காலை டிபனும் தருகிறோம் என்று, ஓர் இரவுக்கு 80 டாலர் வாங்கினார்கள். மீதி உங்களுக்குத் தெரியும்.

ஓவியம் சோறு போடுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி பிரான்ஸ் போக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைபாஸைப் பிடித்து ஈசிஆர் பக்கம் போனால் போதும்.

ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமம் 1966-ல் தொடங்கியது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து, கடலோர மணல்வெளியில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். ஓவியம் விற்றா வாங்கினார்கள்? இல்லை. பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி செய்தார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது. அதனால், 'இது விற்குமா?' என்று கவலைப்படாமல் ஓவியம் வரைய முடிந்தது.

அதே ரோட்டில் இன்னும் தள்ளி முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா, 1996-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய இடம். அங்கே கைவினைப் பயிற்சி, கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் வசதி, விருந்தினர் அறைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

இரண்டு இடமும் சொல்வது ஒன்றுதான். கலையை மட்டும் நம்பி உட்காராதீங்க. அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு வருமானம் வேணும்.

கடனுக்குத் தங்கிய ஓவியர்

இப்போ பிரான்ஸுக்கே போவோம். 1889-ல் பிரிட்டனி கடற்கரையில் லே பூல்டு என்ற கிராமம். மாரி ஆன்ரி என்ற பெண் அங்கே சின்னதாக ஒரு விடுதி நடத்தினார். ஓவியர் பால் கோகன் நண்பர்களோடு வந்து தங்கி, சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க வரைந்து தள்ளினார். 1890-ல் கிளம்பியபோது தன் ஓவியங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். 1894-ல் திரும்பி வந்து கேட்டால், மாரி ஆன்ரி தர மறுத்துவிட்டார். கோகன் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். விடுதியின் சுவர் ஓவியங்களோ வால்பேப்பருக்கு அடியில் மறைந்துபோய், 1924-ல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

உங்களுக்கு இதில் என்ன பாடம்? உங்க ஸ்டூடியோவில் தங்கி வரைபவரின் படைப்பு யாருக்குச் சொந்தம், வாடகைக்குப் பதில் ஓவியம் வாங்கலாமா என்பதை முதல் நாளே ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. நட்பு நட்பாவே இருக்கும்.

ரூல்ஸ் தெரியுமா?

* இந்தியா: மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை பதிவு செய்யலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்கணும். சில்வர், கோல்டு என இரண்டு தரம் உண்டு.
* சாப்பாடு: காசு வாங்கி டிபன் போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம்.
* வெளிநாட்டு விருந்தினர்: வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் தரணும். 'சி ஃபார்ம்' என்பார்கள். மறந்தால் சிக்கல்.
* பிரான்ஸ்: அதிகபட்சம் 5 அறைகள், 15 பேர். காலை உணவு கட்டாயம். ஊர் நகராட்சியில் முன்கூட்டியே தெரிவிக்கணும்.
* ஜப்பான்: 2018-ல் அமலான சட்டப்படி, வீட்டை வருடத்துக்கு 180 நாள்தான் வாடகைக்கு விடலாம். மீதி நாள்களுக்கு வேற வருமானம் பார்க்கணும்.

வெளிநாட்டில் வீடு வாங்க முடிவதும், அங்கே தங்கித் தொழில் செய்ய விசா கிடைப்பதும் வேற வேற. டூரிஸ்ட் விசாவில் போய் கடை விரிக்க முடியாது.

ஒரு குட்டிக் கணக்கு

திருவள்ளூர் பக்கம் தாத்தா வீடு ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோங்க. 3 ரூம், ஒரு இரவுக்கு 2,000 ரூபாய். கூட்டம் வருவது வெள்ளி, சனி மட்டும், அதாவது மாதம் 8 இரவுகள். எல்லாம் நிரம்பினால் 48,000. ஆனா நிரம்பாது. பாதி நிரம்பினால் 24,000.

இனி செலவு. ஒரு ரூமுக்கு 2 பேர், தலைக்கு 150 ரூபாய் டிபன் என்றால் 3,600. பெட்ஷீட் சலவை 1,800. உதவிக்கு வரும் அக்காவுக்கு 8,000. கரன்ட், தண்ணீர் 3,000. கையில் நிற்பது 7,600 ரூபாய்தான். ஆப் கமிஷன், பெயின்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் இதிலிருந்துதான் போகணும்.

அதே வீட்டுத் திண்ணையில் மாதம் 2 ஞாயிறு ஓவிய வகுப்பு நடத்துங்க. ஒவ்வொரு முறையும் 10 பேர், தலைக்கு 800 ரூபாய். மொத்தம் 16,000. கலர், பிரஷ், பேப்பருக்கு 4,000 போனால் மிச்சம் 12,000. பெட்ஷீட்டும் துவைக்க வேண்டாம்.

பார்த்தீங்களா? ரூமைவிட ஸ்டூடியோதான் அதிகம் தருது. ஆனா ஸ்டூடியோ இருக்கிற ரூம் என்பதால்தான் தூரத்திலிருந்து ஆள் வருவாங்க. ஒண்ணை ஒண்ணு தூக்கிப் பிடிச்சால்தான் வண்டி ஓடும். அப்பவும் இது முழுச் சம்பளம் இல்லை. முதல் வருஷம் வேலையை விட வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

முதலில் இதைச் செய்யுங்க

ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் நாலு பேர். உங்களுக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாதவங்களா இருக்கணும். இரண்டு நாள் உங்க வீட்டில் தங்க வைங்க. காலை 6 மணிக்கு எழுந்து இட்லி ஊத்துங்க. பாத்ரூமை நீங்களே கழுவுங்க. ராத்திரி 11 மணிக்கு 'வைஃபை வரலை'ன்னு கதவைத் தட்டினால் சிரிச்ச முகத்தோட எழுந்து போங்க. அந்த இரண்டு நாளில் ஒரு மணி நேரமாவது பிரஷைத் தொட முடிஞ்சுதா பாருங்க.

திங்கட்கிழமை காலையில், 'அடுத்து எப்போ ஆள் வருவாங்க?'னு மனசு கேட்டால், உங்களுக்கு இந்தத் தொழில் வரும். 'அப்பாடா, கிளம்பிட்டாங்க'ன்னு தோணினால், வருத்தப்பட ஒண்ணும் இல்லை. ஞாயிறு ஓவிய வகுப்பை மட்டும் வெச்சுக்கோங்க. வானகரம் மொட்டை மாடியிலேயே நடத்தலாம்!