தேரையின் ஜாதகம்

முத்தாண்டிக்குப்பத்தில் முதல் மழை பெய்த இரவு, திண்ணை விளக்கடியில் ஒரு தேரை வந்து உட்கார்ந்தது. "சீ, சொறித்தவளை!" என்று துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள் என் மனைவி. நான் குறுக்கே நின்றேன். எனக்கு அதன் ஜாதகம் தெரியும்.

1799-ல் அதற்கு நாமகரணம் செய்தவர் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர். கிரேக்க அகராதி தொகுத்த பண்டிதர். அவருக்குத் தேரையோடு என்ன வேலையோ! 'பூஃபோ மெலனோஸ்டிக்டஸ்' என்றார். பூஃபோ என்றால் லத்தீனில் தேரை. மற்றது கிரேக்கம், கரும்புள்ளிக்காரன் என்று அர்த்தம். விலாசம் 'கிழக்கிந்தியா'. அவ்வளவுதான்!

ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்காத் தேரைகள் பலவும் அந்தப் பூஃபோ வீட்டிலேயே நெடுங்காலம் கூட்டுக்குடித்தனம் நடத்தின. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த டாரெல் ஃப்ராஸ்டும் கூட்டாளிகளும் 2006-ல் பாகப்பிரிவினை செய்துவைத்தார்கள். நம்முடையதற்குக் கிடைத்த வீட்டுப்பெயர் 'தத்தாஃப்ரைனஸ்'. ஒடிசாவின் தவளை ஆராய்ச்சியாளர் சுஷில் குமார் தத்தாவின் பெயர் அது. கரும்புள்ளி மட்டும் போகவில்லை. ஷ்னைடரின் பெயரைத்தான் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டார்கள்; பேரினம் மாறினால் அப்படி எழுதவேண்டும் என்பது விதி.

"அப்படியானால் நம்ம தேசத்துப் பெயர்தான்" என்றாள் மனைவி, துடைப்பத்தைத் தாழ்த்தி.

தேரை ஓர் ஈசலை விழுங்கிக்கொண்டிருந்தது.