திரும்பி வரும் வேலை, திரும்பாத வேலை

அக்கராயனில் ‘வேலை இல்லை’ எண்டு சொன்னால் அதுக்கு இரண்டு அர்த்தம் இருக்கு.

2022இல் நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. சீமெந்து விலை ஏற, மேசன் வேலைகள் நின்றன. டீசல் இல்லாமல் உழவு தடுமாறியது. அடி பலம்தான், ஆனால் பொருளாதாரம் நிமிர, அந்த வேலைகள் திரும்பலாம். இது சுழற்சி வேலையின்மை.

மற்றது கொஞ்சம் பழைய கதை. 1970களில் சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வன்னியில் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. காணி இல்லாத சனத்துக்கும் பழம் ஆயிற கூலி கிடைத்தது. 1977இல் ஜே.ஆர். அரசு சந்தையைத் திறந்துவிட்டது; வெளிநாட்டுச் செத்தல் மலிவாக வந்து இறங்கியது. அதுக்குப் பிறகும் மழை பெய்தது, மண் விளைந்தது. பழைய விலை மட்டும் திரும்பவில்லை. பக்கத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் 1980களில் போரோடு நின்றுபோனது. போர் முடிந்தபின் வயலுக்கு அறுவடை இயந்திரம் வந்தது. அரிவு வெட்டுக் கூலியும் போனது. இது கட்டமைப்பு வேலையின்மை.

முதலாவதுக்கு நிவாரணத்தோடு பொறுத்திருக்கலாம். இரண்டாவதுக்குப் புதுத் தொழில், சந்தை, முதலீடு வேணும். ஆகவே ‘நிலைமை சரியாகும், பொறுங்கோ’ எண்டு ஆராவது சொன்னால், எந்த வேலையைச் சொல்லுறியள் எண்டு கேளுங்கோ.