திறவுகோல் யாரிடம்?

அண்மையில் அன்புவழிபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். "மாமா, கிரிப்டோ நாணயம் வாங்கப் போறன். எந்த வாலட் பாதுகாப்பு?" என்று அவ்வீட்டு இளைஞன் கேட்டான். எனக்குத் திருக்கோணேச்சரத்தின் கதை நினைவுக்கு வந்தது.

1620களில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். அதற்கு முன்பே அடியார்கள் திருவுருவங்களை மண்ணுள் மறைத்தனர் என்பது மரபு. மறைத்தவர்களோடு இடமும் மறந்துபோயிற்று. 1950இல் கிணறு தோண்டியபோதே சோமாஸ்கந்தர் முதலான திருமேனிகள் வெளிப்பட்டன. பகைவருக்கு அகப்படாத செல்வம், உரியவருக்கும் முந்நூறு ஆண்டுகள் கிட்டவில்லை.

வாலட்டின் கதையும் இதுவே. அதனுள் நாணயம் இல்லை. நாணயத்தை இயக்கும் இரகசியத் திறவுகோலே இருக்கிறது. அதைப் பரிமாற்று நிலையத்திடம் விட்டுவைத்தவர்கள், 2014இல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் முறிந்தபோது பணத்தை இழந்து தவித்தார்கள். 2024 யூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸில் ஏறத்தாழ 23 கோடி டாலர் களவுபோயிற்று. தானே காப்பவனோ, மீட்புக்குரிய 12 அல்லது 24 சொற்களைத் தொலைத்தால், வாலட் பழுதாகும் நாளில் அனைத்தையும் இழப்பான்.

இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை எச்சரித்திருப்பதால், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையோடு நிற்கச் சொன்னேன். சிறுதொகைக்குக் கைப்பேசி வாலட் போதும். பெருந்தொகைக்கு, இணையத்தில் திறவுகோலை வெளிவிடாத தனிக்கருவியைத் தயாரிப்பாளரிடமே வாங்கவேண்டும். சொற்களைத் தாளில் எழுது, படம் பிடிக்காதே, எவர் கேட்டாலும் கொடுக்காதே.

"அந்தத் தாள் இருக்கும் இடத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லிவை" என்றேன்.